நாலாவது பல்லைக் காணோம்

அந்தப் பெண் தன் சாப்பாட்டுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். இழுப்பறையில் இருந்த சீப்பு, தலைவலித் தைலம், பாதி படித்த வாரப் பத்திரிகை எல்லாம் அங்கேயே கிடந்தன. ஒரு கையால் வாயைப் பொத்தியபடி அவள் வாசலுக்குப் போவதை அந்தப் பல் பட்டறையில் இருந்த நாலு பேரும் பார்த்தார்கள். பார்க்காதது போல நின்றும் கொண்டார்கள்.

வாசலில் ஒரு நொடி தயங்கினாள்.

"என் தம்பி கடைக்கு மட்டும் போய்க் கேக்காதீங்க மேடம். அங்க கஸ்டமருங்க இருப்பாங்க," என்றாள். கையை வாயிலிருந்து எடுக்காமலே சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மேடம் பதில் சொல்லவில்லை. குற்றவாளியைக் கண்டுபிடித்த பிறகு அவளோடு பேசிக்கொண்டிருப்பது துப்பறிவாளருக்கு அழகல்ல என்பது மேடத்தின் கொள்கைகளில் ஒன்று. அவளிடம் கொள்கைகளுக்குப் பஞ்சமே கிடையாது. அன்று பொழுது சாய்வதற்குள் அவற்றில் பாதி பறிபோகப் போகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

ஊரில் அவளுக்கு லென்ஸ் என்று பெயர். மூக்குக் கண்ணாடியின் தடிமனுக்காக வைத்த பெயர் அது. தொழிலுக்காக வைத்தது என்று அவளே நம்பத் தொடங்கி வருடங்கள் ஆகிவிட்டன. கூடவே நிற்கும் ஒல்லி மனிதன் அவள் கணவனின் தம்பி. அவனுக்கு வால் என்று பெயர். பின்னாலேயே வருவதாலும், சும்மா இருக்கத் தெரியாததாலும் அந்தப் பெயர் இரண்டு வகையிலும் பொருந்தியது.

விவகாரம் இதுதான். பட்டறை முதலாளியான பல்லுக்காரர், பல் டாக்டர்களுக்குப் பல் செய்து அனுப்புகிறவர். பல்லைக் கடைந்து எடுக்க ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார். அந்த இயந்திரம் முகப்பு மேசைக்கு அடியில் இருக்கும் ஒரு கிழட்டு கம்ப்யூட்டரின் பேச்சை மட்டும்தான் கேட்கும். அந்தக் கம்ப்யூட்டரிலும் பழைய ஓ.எஸ். இருந்தால்தான் கேட்கும். நேற்று அதன் ஹார்டு டிஸ்க் உயிரை விட்டது. காலையில் மெக்கானிக் வந்து புது டிஸ்க் மாட்டி, "ஓ.எஸ். போடணும், லைசென்ஸ் கீ சொல்லுங்க," என்றார். இருபத்தைந்து எழுத்தும் எண்ணும் கலந்த கீ. பெட்டியின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்டிக்கராக ஒட்டியிருக்க வேண்டியது. குனிந்து பார்த்தால் ஸ்டிக்கரைக் காணோம்.

"எங்கயாவது எழுதி வச்சிருக்கலாமே?" என்று லென்ஸ் கேட்டபோது பல்லுக்காரர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"ஒட்டியிருக்கறதை எதுக்குங்க எழுதி வைக்கணும்? மூக்கு மேல இருக்கற மச்சத்தை யாராவது நோட்டுல எழுதி வைப்பாங்களா?"

அந்த ஓ.எஸ். இப்போது விற்பனையில் இல்லை. கீ இல்லாவிட்டால் இயந்திரம் வெறும் இரும்பு. இந்த இடத்தில்தான் லென்ஸ் தன் மூளையைத் திறந்துவிட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது யார்? முகப்பு மேசைப் பெண். அவள் தம்பிக்கு என்ன தொழில்? கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. போன வாரம் போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்து தேடியவள் யார்? அவளேதான், முதலாளியே பார்த்திருக்கிறார். எதற்குக் குனிந்தாய் என்று கேட்டதற்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"பொய் சொல்ற வாயைக் கை தானாத் தேடிப் போகும்," என்று லென்ஸ் எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினாள். அதுவும் கொள்கைதான். பிறகு, "எடுத்தது நீங்கதான்," என்றாள்.

இப்போது அந்த நாற்காலி காலியாக இருந்தது. மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். கீ வந்தா போட்டுத் தர்றேன். இல்லன்னா நீங்க புது மெஷின்தான் பாக்கணும்."

"அதுக்குள்ள வந்துரும்," என்றாள் லென்ஸ். பல்லுக்காரர் தன் பெயருக்கு எழுதிக்கொடுத்த புகாரை உறையில் போட்டு, கைப்பையில் இருந்த டேப் கட்டரை எடுத்து ஒட்டினாள். டேப் நேராக அறுபடாமல் ஒரு மூலையில் வால் விட்டது. அதை நகத்தால் கிள்ளியபடி கொழுந்தனை முறைத்தாள்.

"எல்லாம் நீ இதை வச்சு சோடா பாட்டில் திறந்த லட்சணம்."

"தாகத்துக்கு ஆயுதம் ஏது அண்ணி," என்றான் வால்.

பல்லுக்காரர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். லென்ஸ் மேல் அவருக்கு அபார நம்பிக்கை. காரணம் உண்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே கம்ப்யூட்டர் வேலை நடுவில் தானாக அணைந்துகொண்டே இருந்தது. யாரோ சதி செய்கிறார்கள் என்று அவர் லென்ஸை அழைத்தார். அவள் மூன்று நாள் பட்டறையைச் சல்லடை போட்டுச் சலித்து, தடயங்களை அட்டை அட்டையாக எழுதி, கடைசியில் சதிகாரனைப் பிடித்தாள்: பல்லுக்காரரின் வலது முழங்கால். பில் போட முகப்பு மேசையில் வந்து உட்காரும்போதெல்லாம் அது பொத்தானை இடித்திருக்கிறது. "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட முடியாதுன்னு எவன் சொன்னது? எங்க அண்ணி போட்டாங்க," என்று வால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அன்று பெட்டி மேசைக்கு அடியிலேயே முழங்கால் எட்டாதபடி உள்ளே தள்ளி வைக்கப்பட்டது. பெட்டியை இனி யாரும் தொடக் கூடாது, துடைக்கக்கூடக் கூடாது என்று லென்ஸ் ஆணையும் போட்டாள்.

தெருவில் இறங்கியதும் வால் கேட்டான்.

"அண்ணி, அந்தப் பொண்ணு அழவே இல்லையே?"

"கவனிச்சேன். அழுத்தக்காரி."

"அழுதிருந்தா?"

"நடிப்புன்னு எழுதியிருப்பேன்."

"அப்ப தப்பிக்க வழிதான் என்ன? தும்மணுமா?"

லென்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் அந்தப் பெண் தயங்கி நின்றது கண்ணில் நின்றது. தம்பி கடைக்குப் போகாதீர்கள் என்று ஒருத்தி சொன்னால் அங்கேதான் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். அப்படி நினைத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

ரிப்பேர் கடை நாலு முழ அகலம்கூட இருக்காது. சுவர் முழுக்க ஒயர்கள் தொங்கின. பெஞ்சில் மூன்று பேர்: துணியில் சுற்றிய லேப்டாப்பை மடியில் வைத்திருந்த அம்மாள், பிரிண்டரோடு வந்த பெரியவர், எதையோ வாங்கக் காத்திருந்த ஓட்டுநர். கடைக்காரன் திருப்புளியும் கையுமாக நிமிர்ந்தான். அக்காவின் அதே முகம்.

லென்ஸ் உட்காரவில்லை. எதிராளி தயாராவதற்கு முன் அடிக்க வேண்டும் என்பதும் கொள்கை.

"உங்க அக்கா பட்டறையிலேர்ந்து திருடிக் குடுத்த லைசென்ஸ் கீ எங்க?"

கடைக்கு வெளியே நின்றிருந்தாலும் கேட்டிருக்கும். திருப்புளி மேசையில் விழுந்து உருண்டது. லேப்டாப் அம்மாள் மெல்ல எழுந்து, துணியின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டாள்.

"இதுல எங்க வீட்டு போட்டோ எல்லாம் இருக்குப்பா. நான்... அப்புறமா வர்றேன்."

"அம்மா, உங்க பேட்டரி வந்தாச்சு, பத்து நிமிஷம்தான்," என்றான் அவன். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். அவன் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு லென்ஸிடம், "உள்ள வாங்க," என்றான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

உள்ளே என்பது ஒரு திரைக்குப் பின்னால் இருந்த அலமாரிச் சந்து. மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் மூச்சு விட முடியாது.

"மேடம், அந்த மாதிரி ஸ்டிக்கர் கீ அந்தந்தப் பெட்டிக்கு மட்டும்தான். வேற பெட்டியில போட்டா ஒத்துக்காது. அதைத் திருடி நான் என்ன, சட்டம் போட்டு சுவத்துல மாட்டவா?"

"அப்ப உங்க அக்கா எதுக்கு மேசைக்கு அடியில குனிஞ்சு தேடினாங்க? கேட்டா ஏன் வாயைப் பொத்தறாங்க?"

அவன் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினான்.

"அக்காவுக்கு முன் பல்லு ஒண்ணு இல்ல. சைக்கிள்லேர்ந்து விழுந்து போச்சு. தகட்டுல மாட்டியிருந்த கட்டுப் பல்லும் உடைஞ்சிருச்சு. பட்டறையில நிறம் சரியில்லன்னு கழிச்சுப் போடற பல்லுங்க ஒரு தட்டுல கிடக்கும். அதுல ஒண்ணை எடுத்துட்டு வந்தாங்க. நான்தான் அரம் வச்சு ராவி ஒட்டிக் குடுத்தேன். சரியா நிக்கல, பேசினா கழண்டு விழும். போன வாரம் மேசைக்கு அடியில விழுந்தது அதுதான். எடுத்ததைத் திருட்டுன்னு சொல்லிருவாங்களோன்னு பயம். பல்லுப் பட்டறையில வேலை பாத்துக்கிட்டு குப்பைப் பல்லை மாட்டிக்கிட்டு இருக்கோமேன்னு வெக்கம். வாயைப் பொத்தாம என்ன பண்ணுவாங்க?"

லென்ஸுக்குக் காது மடல் சுட்டது. காலையில் அந்தப் பெண்ணைப் பார்த்து அவள் சொன்ன பொன்மொழி நினைவுக்கு வந்தது. நாலு பேர் முன்னால், விரலை நீட்டி, நாடக வசனம் மாதிரி சொல்லியிருந்தாள். அந்தப் பெண் வாயைத் திறந்து விளக்கம் சொல்லியிருந்தால் பல் விழுந்திருக்கும். விளக்கமே சொல்ல முடியாத ஒருத்தியைப் பார்த்து விளக்கம் கேட்டிருக்கிறாள். வால் எதையாவது உளறினால் நன்றாக இருக்கும் என்று பார்த்தாள். அவனும் அலமாரியில் இருந்த திருகுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

கடைக்காரன் ஓரமாகக் கிடந்த ஒரு உடைந்த பெட்டியை இழுத்து, அதிலிருந்த ஸ்டிக்கரின் மூலையில் நகத்தை வைத்தான். அது துகள் துகளாகக் கிழிந்து வந்தது.

"பாத்தீங்களா? நகத்தால உரிச்சா இப்படித்தான். உரிச்சவன் கையில கீ இருக்காது, குப்பைதான் இருக்கும். அங்க பிசிறு ஏதாவது ஒட்டியிருக்கா?"

"இல்ல. சுத்தமா இருக்கு."

"அப்ப முழுசா வந்திருக்கு. சூட்டுல கோந்து காஞ்சு போயிருக்கணும். மேல எதையாவது ஒட்டி இழுத்திருக்கணும். போய் அந்தப் பெட்டியை நல்லாப் பாருங்க மேடம். ஆளைப் பாத்தது போதும்."

கடைசி வாக்கியம் சுளீரென்று விழுந்தது. வெளியே வந்தபோது ஓட்டுநரையும் காணோம். பிரிண்டர் பெரியவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். லென்ஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் தாண்டினாள்.

பட்டறை மதியச் சாப்பாட்டுக்கு மூடித் திறந்து, அவர்கள் மறுபடி உள்ளே நுழைந்தபோது மணி இரண்டரை. கம்ப்யூட்டர் பெட்டி, மேசையை ஒட்டியிருந்த, பல்லை வேகவைக்கும் சின்ன அடுப்புக்குப் பக்கத்தில், சூட்டோடு சூடாக இருந்தது. பல் பட்டறையில் எங்கு பார்த்தாலும் பிளாஸ்டர் மாவுத் தூசி படியும். லென்ஸின் ஆணைப்படி யாரும் துடைக்காததால் பெட்டி மாவில் புரட்டியது போல இருந்தது. அவள் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாள். காலையில் நேராகப் பிடித்துப் பார்த்தபோது தெரியாதது இப்போது தெரிந்தது. ஸ்டிக்கர் இருந்த இடத்தைவிடப் பெரிய செவ்வகம் ஒன்றில் மட்டும் தூசி மெலிதாக இருந்தது. அதன் ஒரு ஓரம் நேர்க்கோடாக இல்லை. ரம்பம் மாதிரி பல் பல்லாக இருந்தது.

"டேப்," என்றாள். "செலோ டேப்பை ஒட்டி இழுத்திருக்காங்க. இது டேப் கட்டரோட பல்லுத் தடம்."

பல் என்ற வார்த்தையைக் கேட்டதும் பல்லுக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்தார். இனி அது அவர் ராஜ்யம். கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டு, பல் பல்லாக எண்ணினார்.

"மொத்தம் பதினாலு இருக்கணும். இடப்பக்கத்துலேர்ந்து நாலாவதைக் காணோம். பாருங்க, அந்த இடத்துல மட்டும் டேப் அறுபடாம இழுத்துக்கிட்டு வந்திருக்கு. நாலாவது பல்லு இல்லாத கட்டர் எதுவோ, அதை வச்சிருக்கறவன்தான் ஆளு."

"வாயைத் திறந்து காட்டச் சொல்லி ஊர்ல இருக்கற கட்டரை எல்லாம் வரிசையில நிறுத்தலாம்," என்றான் வால்.

"அதுக்கு என்கிட்ட வழி இருக்கு." பல்லுக்காரர் இளஞ்சிவப்பு மெழுகுத் தகடு ஒன்றைச் சூடு காட்டி இளக்கினார். ஆட்களின் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லும் மெழுகு அது. பட்டறையில் பார்சல் ஒட்டும் கட்டரை எடுத்து அதில் அழுத்தினார். பதினாலும் அழகாகப் பதிந்தன.

"வாய் நிறையப் பல்லு. இது இல்ல."

மூன்று மணிக்கு டப்பாக்களை எடுத்துப் போக வந்த பார்சல்காரரின் கட்டரையும் வாங்கி அழுத்தினார். பார்சல்காரர் ஒன்றும் புரியாமல் தன் பல்லையும் சேர்த்து ஒருமுறை தடவிக்கொண்டார்.

"வயசான வாய். தேய்ஞ்சிருக்கு. ஆனா எல்லாம் இருக்கு. இதுவும் இல்ல."

லென்ஸ் யோசித்தாள். வேறு யாரிடம் டேப் இருக்கும்? யார் இந்தப் பெட்டிக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து, இழுத்து, முழுசாக எடுத்துக்கொண்டு போக முடியும்? யோசிக்கும்போது வழக்கமாக இடையில் ஒரு குரல் நையாண்டி பண்ணிக்கொண்டிருக்கும். இப்போது அந்தக் குரல் இல்லை. திரும்பினாள். வால் சுவரோரமாக நின்றிருந்தான். அவளுடைய கைப்பையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

எட்டு வருடமாக வாய் ஓயாதவன் வாயடைத்து நிற்பதைவிடப் பெரிய தடயம் வேறு வேண்டாம்.  பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பையைக் குடு."

"அண்ணி, மணியாச்சு, நாம வேணும்னா நாளைக்கு..."

"குடுடா."

கட்டரை எடுத்துப் பல்லுக்காரரிடம் நீட்டினாள். "இதையும் வைங்க."

"உங்களதா? உங்களது எதுக்குங்க?" என்று சிரித்தார்.

"வைங்க."

மெழுகில் பதிந்தது. பல்லுக்காரர் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகு எண்ணவில்லை. பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், மெழுகின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"சோடா பாட்டில் திறந்து பல்லை உடைச்சது நான்தான்," என்றான் வால் மெதுவாக. "பழியை என் மேல போட்டுருங்க அண்ணி. எனக்கு இடம் நிறைய இருக்கு."

"பல்லை உடைச்சது நீ. டேப்பை இழுத்தது நான்."

எல்லாம் ஞாபகம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், முழங்கால் வழக்கில், பெட்டியை யார் தொடுகிறார்கள் என்று பார்க்க அவள் விரல் தடம் எடுத்தாள். 'பொடியே தூவ வேண்டாம், இங்க தூசியே பொடி' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே, மாவு படிந்த பக்கவாட்டில் டேப்பை நீளமாக ஒட்டி, ஒரே இழுப்பாக இழுத்து, அட்டையில் ஒட்டி வைத்தாள். தூசிக்கு அடியில் ஸ்டிக்கர் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. டேப் கவனித்திருக்கிறது.

"நான் போய் அந்த அட்டையை எடுத்துட்டு வர்றேன்," என்று வால் ஓடினான். லென்ஸின் துப்பறியும் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. அவன் போய்த் தேடி எடுத்து வந்த அரை மணி நேரம் லென்ஸ் அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். அவள் அலைந்ததோடு நிற்கவில்லை; ஒன்றும் எடுக்காத ஒருத்தியைத் திருடி என்றும் சொல்லிவிட்டாள்.

அட்டை வந்தது. அவளுடைய முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'தடயம் மூன்று. பெட்டியின் இடப்பக்கம். பயனில்லை.' கடைசிச் சொல்லுக்கு அடியில் இரண்டு கோடுகள் வேறு.

பல்லுக்காரர் மெழுகு நீக்கும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டு, டேப்பை மயிரிழை மயிரிழையாகத் தூக்கினார். பல்லைத் துலக்கும் மெல்லிய தூரிகையால் மாவைத் தள்ளினார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. வால் படிக்க, மெக்கானிக் தட்டினார். நாலே முக்காலுக்குத் திரையில் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. கீயைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.

பல்லுக்காரருக்கு உயிர் வந்தது. நல்ல மனிதர், நல்ல மனிதர்கள்தான் சில சமயம் மோசமான யோசனை சொல்வார்கள்.

"விடுங்க மேடம். யாருக்கும் சொல்ல வேண்டாம். ஸ்டிக்கர் கழண்டு மேசைக்குப் பின்னால விழுந்து கிடந்துச்சுன்னு சொல்லிடலாம். அந்தப் பொண்ணை நாளைக்கு வரச் சொல்லிடறேன். உங்க பேருக்கும் பங்கம் இல்ல."

 உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நேரத்தில் லென்ஸுக்கு ஆசை வந்தது. தலையை ஆட்டினால் போதும். மேசைக்குப் பின்னால் விழுந்ததற்கு யார் சாட்சி கேட்கப்போகிறார்கள்? பெயர்ப் பலகை அப்படியே தொங்கும். வால்கூட வாயைத் திறக்க மாட்டான். ஆசை வந்ததே என்று நினைத்தபோது காலையில் இருந்து பட்ட வெட்கம் எல்லாம் அதற்கு உறை போடக் காணாது என்று ஆகிவிட்டது.

"கடையில நான் திருடின்னு சொன்னதைக் கேட்டவங்களுக்கு மேசைக்குப் பின்னால விழுந்த கதை போய்ச் சேராதுங்க," என்றாள். பிறகு, "நீங்க கழிச்சுப் போடற பல்லு... அந்தத் தட்டுல கிடக்கறது. அதை யாராவது எடுத்தா உங்களுக்குக் கோவம் வருமா?"

"அது குப்பைங்க. யார் வேணா எடுத்துக்கலாம். ஏன்?"

"ஒண்ணும் இல்ல. அதை நாளைக்கு எல்லார் காதுலயும் விழற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க."

ஏன் என்று அவர் மறுபடியும் கேட்டார். அவள் சொல்லவில்லை. அந்த ஒரு ரகசியத்தையாவது காப்பாற்றலாம் என்று கிளம்பினாள்.

வெயில் தணிந்திருந்தது. ரிப்பேர் கடையில் அக்கா பெஞ்சுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு டப்பாவில் திருகுகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். காலையில் பார்த்த பிரிண்டர் பெரியவர் அதே இடத்தில் இருந்தார். அவருடைய பிரிண்டர் இன்னும் வயிறு பிளந்து கிடந்தது. லென்ஸைக் கண்டதும் அந்தப் பெண்ணின் கை வாய்க்குப் போனது. தம்பி எழுந்து நின்றான்.

"இன்னும் என்ன மேடம்?"

"ஒண்ணு சொல்லணும்." லென்ஸ் கடையைச் சுற்றிப் பார்த்தாள். "காலையில நான் பேசும்போது இங்க மூணு பேர் இருந்தாங்க. இப்ப ஒருத்தர்தான் இருக்கார். இன்னும் ரெண்டு பேர் வரட்டும். வந்ததும் சொல்றேன்."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னை ஒரு ஆளாச் சேத்துக்கலாமா அண்ணி?" என்றான் வால்.

"நீ குற்றவாளிக் கட்சி. வெளிய நில்லு."

அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.  திருகுகள் டப்பாவில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கால் மணி நேரம் கழித்து ஒருவர் சார்ஜர் கேட்டு வந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று லென்ஸே அவரை உட்கார வைத்தாள். இன்னும் இருபது நிமிடம். ஒரு பள்ளி ஆசிரியை கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். மூன்று பேர் ஆயிற்று.

லென்ஸ் எழுந்தாள். பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காந்தே சொல்லுங்க," என்றான் தம்பி. அவனுக்கே பாவமாகப் போய்விட்டது.

"வேண்டாம். காலையில நின்னுக்கிட்டுதான் சொன்னேன்."

கண்ணாடியைக் கழற்றினாள். எதிரே இருந்த முகங்கள் மங்கின. அது கொஞ்சம் உதவியாக இருந்தது. பிறகு அதுவும் ஏமாற்று வேலை என்று பட்டது. மறுபடி மாட்டிக்கொண்டாள். முகங்கள் தெளிவாகத் தெரிந்தன.

"காலையில இங்க வந்து, இவங்க லைசென்ஸ் கீயைத் திருடினாங்கன்னு சொன்னேன். இவங்க எடுக்கல. இவங்க தம்பியும் வாங்கல. எடுத்தது நான். மூணு வாரமா என் அலமாரியில, நானே ஒட்டின அட்டையில இருந்துச்சு. கையில வச்சுக்கிட்டே இன்னொருத்தர் மேல பழி போட்டேன். அந்த லேப்டாப் அம்மா வீடு எங்கன்னு சொன்னா அங்கயும் போய்ச் சொல்லிட்டு வந்துருவேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். ஆசிரியை கீபோர்டைப் பார்த்தார். சார்ஜர்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அக்காவின் கை வாயிலேயே இருந்தது. கண் மட்டும் திருகு டப்பாவை விட்டு நிமிர்ந்திருந்தது.

பிரிண்டர் பெரியவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து முன்னால் சாய்ந்தார்.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம்மா. காலையில நீ சொன்னது நல்லாக் கேட்டுது. இப்ப சொன்னது ஒண்ணும் கேக்கலையே?"

வெளியே வால் சிரிக்கவில்லை. லென்ஸ் பெரியவர் பக்கம் திரும்பினாள். பிறகு, தெருவில் போகிறவர்களும் திரும்பிப் பார்க்கும்படி, காலையில் பேசிய அதே குரலில், முதலிலிருந்து ஆரம்பித்தாள்.